வரப்புக்கு யாரிடம் மனு கொடுப்பது?

மானியத் திட்டம் எதையாவது பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தால், அடுத்த சில நாட்களில் விவசாயிகள் என்னிடம் விசாரிப்பார்கள். அநேகமாக எல்லோரும் கேட்பது ஒன்றையேதான். “திட்டம் நல்லதுதான் சார். இது எங்கே கிடைக்கும்?” என்பதே அந்தக் கேள்வி. வேளாண்மை பற்றி எவ்வளவோ எழுதுகிறோம், பேசுகிறோம். இந்த எளிய கேள்விக்கு மட்டும் சரியான பதிலைச் சொல்லத் தவறிவிடுகிறோம். நானும் அப்படித் தவறியவன்தான்.

2022ஆம் ஆண்டு பங்குனி மாதம். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கரிசல் கிராமத்தில் மண் அரிப்பைத் தடுப்பது குறித்துப் பேசச் சென்றிருந்தேன். கோடை உழவைச் சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும், வயலைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பகுதி வரப்பு போட வேண்டும், தாழ்ந்த எல்லை வரப்பை உயர்த்திக் கட்டி, மிகுதி நீர் வெளியேறக் கல் பதித்த வடிகால் விட வேண்டும் என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். கூட்டம் முடிந்ததும் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். மூன்றே கால் ஏக்கர் மானாவாரி நிலம் அவருக்கு.

“சார், நீங்க சொல்ற மாதிரி எல்லை வரப்பு போட நம்ம கையில பணம் இல்ல. சர்க்கார்ல உதவி உண்டுங்கிறாங்களே, அதுக்கு யாரைப் பார்க்கணும்?” என்று கேட்டார்.

நான் வண்டி ஏறும் அவசரத்தில் இருந்தேன். “வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள் ஐயா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு அதே கிராமத்துக்குப் போனபோதுதான் நடந்ததை அறிந்தேன். பெரியவர் வட்டார அலுவலகம் போயிருக்கிறார். “வரப்பு வேலை எங்களிடம் இல்லை, பொறியியல் பிரிவில் கேளுங்கள்” என்று சொன்னார்கள். அந்த அலுவலகம் வேறு ஊரில் இருந்தது. முதல் முறை போனபோது அலுவலர் வெளி வேலைக்குச் சென்றிருந்தார். இரண்டாம் முறை போனபோது சிட்டா கேட்டார்கள். சிட்டாவில் காலஞ்சென்ற தகப்பனார் பெயர் இருந்தது. பட்டா மாறுதலுக்கு அலைந்து முடித்தபோது ஆவணி பிறந்துவிட்டது. அதற்குள் அந்த ஆண்டுக்கான இலக்குக்கு மனுக்கள் நிரம்பிவிட்டன. புரட்டாசியில் விதைத்தார். ஐப்பசியில் ஒரே இரவில் கொட்டிய மழையில் தாழ்ந்த பக்கத்து வரப்பு உடைந்து, முழங்கால் ஆழத்துக்கு ஓடை அறுத்துவிட்டது. விதையும் அடியுரமும் மேல்மண்ணும் சேர்ந்து போயின.

“விதை போனா மறுபடி வாங்கலாம் சார். மண்ணை எந்தக் கடையில வாங்குறது?” என்றார் அவர். என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவர் இழந்த ஐந்து மாதத்தில் முதல் பிழை என்னுடையது. வரப்பை எப்படிப் போடுவது என்று ஒரு மணி நேரம் சொன்னவன், எங்கே கேட்பது என்பதை ஒரே வரியில், அதுவும் தவறாகச் சொன்னேன். இதில் யாரும் பொய் சொல்லவில்லை, லஞ்சம் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் மேஜைக்கு உரிய உண்மையைச் சொன்னார்கள். எல்லா மேஜைகளையும் சேர்த்துப் பார்த்து வழி சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

பெயர் மாறும், கதவு மாறாது

நிலவளப் பாதுகாப்புக்கு அரசு உதவி இன்று புதிதாக வந்தது அல்ல. 1973ல் வறட்சிப் பகுதித் திட்டம் வந்தது. பழைய இராமநாதபுரம், தருமபுரி மாவட்டங்களில் அது நடைபெற்றது. 1990களில் நீர்வடிப்பகுதி மேம்பாட்டுத் திட்டங்கள் வந்தன. 2009ல் அவை ஒருங்கிணைந்த நீர்வடிப்பகுதித் திட்டமாயின. 2015ல் பிரதம மந்திரி பாசனத் திட்டத்தில் ஓர் அங்கமாயின. பெயர்ப் பலகைகள் இவ்வாறு மாறிக்கொண்டே இருக்கின்றன. இனியும் மாறும்.

ஆகவே விவசாயிகள் திட்டத்தின் பெயரை மனப்பாடம் செய்வதில் பயன் இல்லை. எந்த வேலைக்கு எந்த அலுவலகம் என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். பெயர் எதுவானாலும் பணம் அந்தக் கதவு வழியாகத்தான் வரும். அவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

விதை, உயிர் உரம், ஜிப்சம், பசுந்தாள் உர விதை, செயல்விளக்கத் திடல் போன்றவற்றுக்கு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகமும் அதன் கீழ் உள்ள வேளாண்மை விரிவாக்க மையமும் பொறுப்பு. 2024-25ல் தக்கைப்பூண்டு விதை பாதி விலையில் வழங்கப்பட்டது இந்த வழியில்தான். உங்கள் கிராமத்துக்கு உரிய உதவி வேளாண்மை அலுவலர் யார் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.

காய்கறி, பழம், மலர், பந்தல், நிழல்வலைக்குடில் ஆகியவற்றுக்கு வட்டார தோட்டக்கலை உதவி இயக்குநரை அணுக வேண்டும். சொட்டுநீர் வேண்டுவோர் தோட்டக்கலைப் பயிர் என்றால் இங்கும், மற்றப் பயிர் என்றால் வேளாண்மை அலுவலகத்திலும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் அரசு நிர்ணயித்த மதிப்பீட்டுக்குள் மானியம் வழங்கப்பட்டு வருகிறது.

வரப்பு, நிலச் சமன், பண்ணைக்குட்டை, தடுப்பணை, புல்டோசர் வாடகை, உழவு இயந்திர மானியம், சூரிய சக்தி பம்புசெட் ஆகியவை வேளாண்மைப் பொறியியல் துறையின் வேலை. நான் அந்தப் பெரியவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய கதவு இதுதான். இதன் உதவி செயற்பொறியாளர் அலுவலகம் எல்லா வட்டாரத் தலைமையிடத்திலும் இருப்பதில்லை. பெரும்பாலும் கோட்டத் தலைநகரில் இருக்கும். பலர் வழி தவறுவது இதனால்தான்.

பயிர்க் கடனுக்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். அடங்கலுக்குக் கிராம நிர்வாக அலுவலர். சிறு, குறு விவசாயி சான்றுக்கு வட்டாட்சியர். கண்மாயில் படிந்த வண்டல் மண்ணை நிலத்துக்கு எடுத்துச் செல்லும் அனுமதியும் 2024 முதல் வட்டாட்சியர் நிலையிலேயே தரப்படுகிறது. பயிற்சிக்கும் ஆலோசனைக்கும் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு வாருங்கள். அங்கே அறிவுரை கிடைக்கும், மானியப் பணம் கிடைக்காது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974ல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது என்பது நமக்குப் பெருமை. எந்த அலுவலகம் என்று ஐயம் எழுந்தால் 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

காகிதமும் ஓர் இடுபொருளே

2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்று நிலத்தின் சராசரி அளவு 0.75 எக்டர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. நூற்றுக்கு 93 பேர் சிறு, குறு விவசாயிகள். இரண்டரை ஏக்கர் வரை உள்ளவர் குறு விவசாயி. ஐந்து ஏக்கர் வரை உள்ளவர் சிறு விவசாயி. சட்டப்படி கூடுதல் சலுகை இவர்களுக்கே. ஆயினும் சலுகையை முதலில் பெறுபவர் காகிதம் தயாராக வைத்திருப்பவர்தான். பெரிய விவசாயிக்கு அதைக் கவனிக்க ஆள் இருக்கிறது. சிறு விவசாயி ஒரு நாள் அலுவலகம் போனால் அன்றைய கூலி போகிறது.

விதைக்கும் உரத்துக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்வதுபோல் காகிதத்துக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல், நில வரைபடம், சிறு குறு விவசாயி சான்று, ஆதார், வங்கிப் புத்தக நகல், புகைப்படம் இரண்டு. இவற்றை ஒரு பையில் போட்டு வீட்டில் வைத்திருங்கள். 2025 முதல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வழங்கப்பட்டு வருகிறது. அதைப் பெறாதவர்கள் பெற்றுக்கொள்ளுங்கள். அதற்கும் நிலப் பதிவு உங்கள் பெயரில் சரியாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம் பட்டா. தகப்பனார், பாட்டனார் பெயரிலேயே பட்டா கிடக்கும் குடும்பங்கள் ஏராளம். கூட்டுப் பட்டாவில் பங்காளி கையெழுத்து இல்லாமல் மனு நின்றுபோவதும் உண்டு. இது திட்டம் அறிவித்த பிறகு ஓடிச்சென்று செய்யக்கூடிய வேலை அல்ல. வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை, அளந்து உட்பிரிவு செய்தல் என்று மாதக்கணக்கில் இழுக்கும். ஆண்டுதோறும் கோடையில் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கிறது. அதில் பட்டா மாறுதல் மனு கொடுக்கலாம். உங்கள் சிட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்பதை இ-சேவை மையத்திலோ, பள்ளியில் படிக்கும் பிள்ளையின் கைபேசியிலோ ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

மனு கொடுத்தால் தேதியிட்ட ஒப்புகை கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்த மனு மனுவே ஆகாது. 2018ல் வந்த உழவன் செயலியிலும் பல மானியங்களுக்குப் பதிவு செய்யலாம். அப்படிப் பதிவு செய்தால் பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள்.

சர்க்கார் ஆண்டும் உழவர் ஆண்டும்

இனி, நான் அரசுக்கும் இலாகாவினருக்கும் சொல்ல விரும்புவதைச் சொல்கிறேன்.

சர்க்காரின் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச் 31ல் முடிகிறது. வரவு செலவுத் திட்டம் நிறைவேறி, ஆணை பிறந்து, மாவட்டத்துக்கு இலக்குப் பிரித்து, வட்டாரத்துக்கு வந்து சேரும்போது ஆடி, ஆவணி ஆகிவிடுகிறது. தென்மாவட்ட மானாவாரி நிலம் வெறுமையாகக் கிடப்பது மாசி முதல் ஆடி வரை. வரப்பு போடுவதும் குட்டை வெட்டுவதும் அப்போதுதான் இயலும். பணம் வரும்போது நிலத்தில் பயிர் நிற்கிறது. நிலம் காலியாகும்போது கணக்கை முடிக்கும் அவசரம் வந்துவிடுகிறது. மார்ச் மாதத்தில் அவசரத்தில் போடும் வரப்பின் தரத்தை ஐப்பசி மழை சோதித்துக் காட்டும்.

இதற்கு மாற்று உண்டு. தையில் மனு வாங்கி, மாசியில் நிலத்தை அளந்து மதிப்பீடு போட்டு, பட்டியலை ஆயத்தமாக வைத்திருக்கலாம். ஆணை வந்தவுடன் பட்டியலில் உள்ளவருக்குக் கோடையிலேயே வேலை தொடங்கலாம். இந்த ஆண்டு இலக்கில் இடம் கிடைக்காதவரின் மனுவைத் தள்ளிவிடாமல், அதே வரிசை எண்ணோடு அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இவ்வளவும் ஒரு பதிவேட்டை ஒழுங்காகப் பராமரித்தால் ஆகக்கூடியதே. அந்தப் பெரியவரின் மனுவை அப்படி வைத்திருந்தால் மறுபடி முதலிலிருந்து அவர் அலைய வேண்டியிருக்காது.

இரண்டாவது, எல்லாக் கிராம ஊராட்சியிலும் ஒரு பலகை வேண்டும். வேளாண்மை, தோட்டக்கலை, பொறியியல் மூன்று துறைகளுக்கும் பொதுவான பலகை. எந்த வேலைக்கு யார், எந்த ஊரில், எந்தக் கிழமை இருப்பார், இந்த ஆண்டு இலக்கு எவ்வளவு, எத்தனை மனு வந்தது, யாருக்குக் கிடைத்தது என்று அதில் எழுதப்பட வேண்டும். செயலியில் இருக்கிறதே என்பார்கள். கைபேசியைப் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் விவசாயிக்கு ஊர் நடுவே எழுதிய பலகைதான் உதவும்.

மூன்றாவது, முழுச் செலவையும் முதலில் செய்துவிட்டுப் பிறகு மானியம் பெறும் முறை சில திட்டங்களில் இருக்கிறது. முறைகேட்டைத் தடுக்க இது ஏற்பட்டது என்பது சரிதான். ஆனால் முதலில் போடப் பணம் உள்ளவருக்கே அது பயன்படும். பணம் இல்லாதவர் வட்டிக்கு வாங்கிச் செய்கிறார். மானியம் வருவதற்குள் வட்டி அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. குறு விவசாயிக்கு வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாகத் தருவதே நியாயம்.

நான்காவது, குத்தகைக்கு உழுபவர்கள். 1969லேயே தமிழ்நாட்டில் குத்தகை உரிமையைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது. ஆனால் வாய்மொழிக் குத்தகைதான் இன்றும் அதிகம். வரப்பு போட வேண்டியவர் உழுபவர், மனு போடக்கூடியவர் பட்டாதாரர். பட்டாதாரர் ஊரில் இல்லை என்றால் அந்த நிலத்தின் மண்ணைக் காக்க யாரும் இல்லை. கணவர் பெயரில் பட்டா இருக்க, நிலத்தில் உழைக்கும் பெண்களின் நிலையும் இதுவே. அடங்கலில் பயிர் செய்பவர் பெயரை உள்ளபடி எழுதுவதும், பட்டாதாரரின் ஒப்புதல் கடிதத்தின் பேரில் சாகுபடி செய்பவருக்கு நிலவளப் பணிகளில் உதவுவதும் தொடக்கமாக அமையலாம்.

இது தர்மம் அல்ல

“அவரவர் நிலத்து வரப்பை அவரவர் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே, அரசு எதற்கு?” என்று படித்தவர்கள் சிலர் கேட்கிறார்கள். ஒரு ஏக்கரில் ஓர் அங்குல மழை பெய்தால் அது சுமார் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். மேட்டு நிலத்தில் அதைத் தடுக்க வரப்பு இல்லாவிட்டால், அது மண்ணையும் அள்ளிக்கொண்டு கீழே கண்மாயில் போய்ச் சேரும். கண்மாய் தூர்ந்தால் அதன் கீழ் உள்ள நஞ்சை அனைத்துக்கும் நீர் குறையும். பிறகு அதே கண்மாயைத் தூர்வார அரசே செலவிட வேண்டும். மேட்டு நிலத்துக் குறு விவசாயியின் வரப்பு ஊருக்கே காவல். அதற்குக் கொடுக்கும் பணத்தை மானியம் என்று அழைப்பதைவிட ஊர்ச் செலவு என்று அழைப்பதே பொருத்தம்.

இலாகாவினரைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. ஓர் உதவி வேளாண்மை அலுவலர் பல கிராமங்களைக் கவனிக்கிறார். விதை, காப்பீடு, கணக்கெடுப்பு, கூட்டம் என்று அவருக்கு மூச்சு விட நேரம் இல்லை. ஆயினும் தன் துறையில் இல்லாத வேலையைக் கேட்டு வருபவரிடம், “இங்கே இல்லை” என்பதோடு நிறுத்தாமல், “இன்ன ஊரில், இன்ன அலுவலகத்தில், இன்னின்ன காகிதத்தோடு போங்கள்” என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி. எங்கள் பல்கலைக்கழக விஞ்ஞானிகளுக்கும் இதையே சொல்கிறேன். பயிற்சி முகாமில் தொழில்நுட்பத்தைச் சொல்பவர், அதற்கு உதவி கிடைக்கும் அலுவலகத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்.

கேட்டும் பதில் கிடைக்காதபோது விவசாயிகள் ஓய்ந்துவிட வேண்டியதில்லை. மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் தலைமையில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. அங்கே எல்லாத் துறை அலுவலர்களும் ஒரே இடத்தில் இருப்பார்கள். தனியாகப் போவதைவிட ஊரில் நான்கு பேர் ஒரே கோரிக்கையை எழுதிக்கொண்டு போவது நல்லது. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, வட்டாரத்துக்கு வந்த இலக்கு எவ்வளவு, யாருக்குக் கொடுத்தார்கள் என்று எழுதிக் கேட்டால் 30 நாட்களில் பதில் தர வேண்டும். கேட்பது சண்டை அல்ல. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

அந்தப் பெரியவர் 2023 தை மாதத்தில் மறுபடி மனு கொடுத்தார். இந்த முறை பட்டா அவர் பெயரில் இருந்தது, அலுவலகமும் தெரிந்திருந்தது. வைகாசியில் எல்லை வரப்பு முடிந்தது. ஓடை அறுத்த இடத்தில் மட்டும் இன்னும் சோளம் ஒரு சாண் குட்டையாகத்தான் வளர்கிறது. அந்த மண் திரும்பி வரப் பல ஆண்டுகள் ஆகும்.

ஆதலால் உழவர் பெருமக்களே, அடுத்த திட்டம் அறிவிக்கப்படும் வரை காத்திராதீர்கள். இந்த வாரமே உங்கள் சிட்டாவை எடுத்துப் பாருங்கள். அதில் உங்கள் பெயர் இல்லை என்றால், வரப்புக்கான முதல் மண்வெட்டியை அங்கேதான் போட வேண்டும்.